டொக்டர் அக்கா பதில்கள்: மட்ச் கிடைக்காத மார்ச்

மார்ச் மாதம் யாழ்ப்பாணத்தில் ‘மட்ச்’ என்று சொன்னால் எல்லாருக்கும் சென்ட்ரலும் சென். ஜோன்ஸும் மோதும் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெருஞ்சமர்தான் நினைவுக்கு வரும். எனக்கு வந்த கடிதக்கட்டில் இருப்பது வேறு மட்ச், அமெரிக்காவில் டொக்டர்மாருக்கு ரெசிடென்சி இடம், அதாவது ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே சிறப்புப் பயிற்சி பெறும் இடம், கணினி மூலம் ஒதுக்குகிற மட்ச். அதன் முடிவும் மார்ச்சில்தான் வரும். இம்முறை பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே தலைமயிர் கொட்டுவது, சீனி வருத்தம் எல்லாம் அடுத்த மாதம்.

கேள்வி: அக்கா, நான் யாழ். மருத்துவ பீடத்தில் 2018இல் முடித்தேன். அமெரிக்க டொக்டர் லைசென்ஸுக்கான யூ.எஸ்.எம்.எல்.ஈ. தேர்வில் ஸ்டெப் 1 பாஸ், ஸ்டெப் 2 சி.கே. முதல் தடவையிலேயே 231 புள்ளி. முதல்முறை 60 ரெசிடென்சி புரோகிராமுக்குப் போட்டு ஒரு இன்டர்வியூ, இந்த முறை இன்டேர்னல் மெடிசினில் மட்டும் 110க்குப் போட்டு இரண்டு. இரண்டு மார்ச்சிலும் இடமில்லை. படிப்பதற்காக வேலையை விட்டு ஒன்றரை வருஷம். என் கலியாணத்துக்கென்று அம்மா சேர்த்த நகை அடகில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ‘பிள்ளை இன்னும் போகேல்லையோ’ என்று கேட்கிறார்கள். நான் அவ்வளவு மோசமான டொக்டரா? மூன்றாம் தரம் போடலாமா?
ஒரு தங்கச்சி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, முதல் கேள்விக்குப் பதில், இல்லை. நடுச்சாமத்தில் மூச்சிழுத்துக்கொண்டு வரும் ஒரு ஆளைக் கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அந்தக் கணினிக்குத் தெரியாது, அதை யாரும் அதற்குச் சொல்லவும் இல்லை. எனக்கும் இரண்டு முறை அந்த மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது 2022 மார்ச், கரண்ட் மணிக்கணக்காக நின்ற அதே மாதம். இருட்டுக் குசினிக்குள் நின்று ஃபோனைத் திறந்தேன். வருந்துகிறோம், உங்களுக்கு எந்த இடமும் பொருந்தவில்லை என்று ஒரு வரி. நல்ல செய்தி வரும், அக்கம்பக்கம் கொடுக்கலாம் என்று அம்மா பகலே பயித்தம்பணியாரம் சுட்டு ஒரு பெரிய ரின் நிறைய அடுக்கி வைத்திருந்தார். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நாங்களே நாளுக்கு இரண்டு மூன்றாகத் தின்று முடித்தோம், இன்றைக்கும் அதைக் கண்டால் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். 2024 மட்சில் வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத டொக்டர்மாரில் 58.5 சதவீதமானவர்களுக்கு இடம் கிடைத்தது. அந்த நாட்டு எம்.டி. இறுதியாண்டு மாணவர்களுக்கு 93.5. அதாவது நம் பக்கத்தில் பத்துக்கு நாலு பேர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அதுவும் இன்டர்வியூ கொடுத்த இடங்களை விருப்பப்படி வரிசைப்படுத்திக் கொடுத்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. ஒரு இன்டர்வியூவும் கிடைக்காமல் வரிசையே கொடுக்க முடியாமல் போனவர்கள் அதில் இல்லை. ‘யூ.எஸ்.எம்.எல்.ஈ. பாஸ் பண்ணினால் போதும், போய்விடலாம்’ என்று ரியூசன் விளம்பரம் மாதிரிப் பேசுகிறவர்கள் இந்த ஆட்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மட்ச் எப்படி நடக்கிறது என்பதை உங்கள் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் இன்டர்வியூ கொடுத்த இடங்களை விருப்பப்படி வரிசைப்படுத்துகிறீர்கள், அந்த இடங்களும் ஆட்களை வரிசைப்படுத்துகின்றன, கணினி இரண்டையும் வைத்துப் பொருத்தம் பார்க்கிறது. 1998 முதல் பாவிக்கிற முறை அல்வின் ரோத் என்ற பொருளாதார அறிஞரும் எலியட் பெரன்சனும் திருத்தி அமைத்தது. ரோத்துக்கு 2012இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அது விண்ணப்பிக்கிறவரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் கணினியைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஆனால் இரண்டே இரண்டு பெயர் உள்ள வரிசையைக் கொடுத்தால் நோபல் பரிசுக்காரராலும் ஒன்றும் பண்ண ஏலாது. ஆகவே மார்ச்சைப் பார்த்து அழுவதை விடுங்கள், உங்களுக்குப் பிழைத்தது இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிற ஒக்டோபரில். 110 இடத்தில் 108 இடம் ஏன் கூப்பிடவில்லை?

என் கணிப்பைச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வந்து குவியும்போது அவர்கள் முதலில் சல்லடை போடுவார்கள். விசா வேண்டுமா, எத்தனை முறை தேர்வு எழுதினார், எந்த ஆண்டு பட்டம், அமெரிக்காவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா. பல இடங்கள் பட்டம் பெற்று 5 வருஷத்துக்கு மேல் போனவர்களின் விண்ணப்பத்தைத் திறப்பதே இல்லை. நம் பிள்ளைகள் ஏ.எல். முடித்துக் கம்பஸ் கூப்பிடும் வரை காத்திருந்து, ஸ்ட்ரைக்குக்குள் படித்து, பிறகு ஹவுஸ் ஒஃபிசர் (பயிற்சி டொக்டர்) நியமனத்துக்கும் காத்திருந்து வருகிறவர்கள். பட்டத்துக்குப் பிந்திய அந்தக் காத்திருப்பும் அந்த 5 வருஷத்துக்குள்தான் சேரும். உங்களுக்கு 2018. அதை மாற்ற ஏலாது. 231ஐயும் மாற்ற ஏலாது, பாஸான ஸ்டெப்பைப் புள்ளி கூட்டுவதற்காகத் திரும்ப எழுத விடமாட்டார்கள். மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது, அந்த ஒன்றரை வருஷம்.

கோபிக்காதீர்கள், வேலையை விட்டதுதான் நீங்கள் செய்த ஒரே பிழை. நானும் அதே பிழையைச் செய்தவள்தான். இன்டர்வியூவில் ஒரு அமெரிக்கப் பேராசிரியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது ஒரு நோயாளியைப் பார்த்தாய் என்பது. பதினாலு மாதம் என்று சொல்ல நா எழவில்லை. ஆகவே இந்தக் கிழமையே வாட்டுக்குத் திரும்பும் வேலையைப் பாருங்கள். சம்பளமற்ற லீவில் நிற்கிறீர்கள் என்றால் திரும்பச் சேருங்கள். அரச வேலை கைவிட்டுப் போயிருந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் எம்.ஓ.வாக (மெடிக்கல் ஒஃபிசர்), அதுவும் இல்லையென்றால் ஊரில் ஒரு சீனியர் டொக்டரின் டிஸ்பென்சரியில் பின்னேரம் இருந்தாவது நோயாளி பாருங்கள்.

மூன்றாம் தரம் போடலாம், ஆனால் 110 இடத்துக்குப் போடாதீர்கள். முதல் 30 இடத்துக்குத் தலா 11 டொலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டொலர். உங்கள் 110க்கு 2,730 டொலர், நம் காசில் எட்டு லட்சத்துக்கு மேல். ஸ்டெப் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டொலருக்கு மேல் கட்டியது வேறு. அந்தக் காசில் பெரும்பகுதி உங்கள் பெயரைத் திறக்காத இடங்களுக்குத்தான் போயிருக்கிறது. இந்த முறை ஒவ்வொரு புரோகிராமின் பக்கத்தையும் கையால் பாருங்கள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கான ஜே-1 விசா கொடுக்கிறதா, பட்ட ஆண்டுக்கு எல்லை வைத்திருக்கிறதா, இப்போது அங்கே படிக்கிறவர்களில் தெற்காசியப் பெயர்கள் இருக்கின்றனவா. நாற்பது தேறினால் நாற்பதுக்கு மட்டும் போடுங்கள். ஃபமிலி மெடிசினையும் சேருங்கள், அதைக் குறைவாக நினைக்கிற பழக்கம் நம்மூரில் மட்டும்தான். வேலைக்கான எச்-1பி விசாவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2025 செப்டெம்பரில் புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டொலர் என்று அறிவித்த பிறகு ஒரு ஆஸ்பத்திரி புதிதாக வருகிற ஒருவருக்காக அதைக் கட்டும் என்று நான் நம்பவில்லை. ஜே-1க்கு நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் கடிதம் தேவை, அதைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். படித்து முடித்த பிறகு இரண்டு வருஷம் ஊரில் வந்து இருக்க வேண்டும், அல்லது டொக்டர் இல்லாத ஒரு கிராமப்பக்கத்தில் மூன்று வருஷம் வேலை செய்து விலக்கு வாங்க வேண்டும் என்பதையும் வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

இதோடு இங்கேயே சிறப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற பி.ஜி.ஐ.எம். தேர்வுக்கும் போடுங்கள். நான் அப்படித்தான் 2022இல் இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பிறகு புத்தகத்தை மாற்றினேன், இப்போது சிறப்புப் பயிற்சியில் இருக்கிற ரெஜிஸ்ட்ரார். ஸ்டெப் 2க்குப் படித்தது ஒன்றும் வீண்போகவில்லை, சோடியம் குறைந்த நோயாளி எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் குழம்பிப்போய்க் கிடப்பார். நாலாம் தரம் போட வேண்டாம். அந்த நகையை மீட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: மகள் இறுதியாண்டு. அமெரிக்காவில் ஒரு மாதம் ‘நேரடியாக நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற’ பயிற்சி, மூன்று சிபார்சுக் கடிதம் நிச்சயம் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. கட்டணம் கேட்டால் தலை சுற்றுகிறது. இரண்டு பரப்புக் காணி இருக்கிறது, விற்கலாமா?
ஒரு அம்மா, மானிப்பாய்

பதில்: காணியை விற்காதீர்கள் அம்மா. கடிதம் நிச்சயம் என்று சொன்ன இடத்திலேயே எழும்பி வந்துவிட வேண்டும். 2019இல் நானும் ஒரு ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போனேன். போய்ப் பார்த்தால் ஒரு கடைத்தொகுதிக்குள் சின்ன கிளினிக், என்னோடு இன்னும் ஆறு பேர், எல்லாருக்கும் வரவேற்பறையில் பிளாஸ்டிக் கதிரை. டொக்டர் என் பெயரை நாலாம் கிழமைதான் கேட்டார், அதுவும் கடிதத்தில் எழுதுவதற்காக. ஏழு பேருக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு, ஒருவருடைய கடிதத்தில் ‘அவன்’ என்பதை ‘அவள்’ ஆக்கக்கூட மறந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட கடிதங்களை வருஷம் முழுக்க வாசிக்கிறவர்களுக்கு மணம் பிடிக்கத் தெரியும்.

மகள் இன்னும் மாணவி என்பது பெரிய நல்லகாலம். மாணவியாக இருக்கும்போது அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் எலெக்டிவ் என்கிற குறுகிய காலப் பயிற்சிக்குத் தானே விண்ணப்பிக்கலாம், பட்டம் பெற்ற பிறகு அந்தக் கதவு மூடிவிடும், அனேகமாக ஓரமாக நின்று பார்க்கிற ஒப்சேர்வர்ஷிப்தான் மிஞ்சும். பீடத்தின் பழைய மாணவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கு ஒழுங்காக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். இருபது பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடுவார், அது போதும். அதோடு நீங்கள் மானிப்பாய்க்காரர். அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்து உங்கள் ஊரில் இருந்து நம் பிள்ளைகளுக்குத் தமிழில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் பற்றி மகள் தன் விண்ணப்பக் கட்டுரையில் நாலு வரி எழுதட்டும். எல்லாரும் பாட்டிக்கு வருத்தம் வந்ததால் டொக்டர் ஆக விரும்பினேன் என்றுதான் எழுதுகிறார்கள்.

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிற அக்கா, ஒன்ராறியோவில் டொக்டருக்கு அவ்வளவு தட்டுப்பாடு, நீ வந்தால் கொத்திக்கொண்டு போவார்கள் என்கிறார். அமெரிக்காவை விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போடட்டுமா?
எம்.ஓ. ஒருவர், சாவகச்சேரி

பதில்: தம்பி, அக்கா சொல்கிற தட்டுப்பாடு உண்மை. கொத்திக்கொண்டு போவது பொய். கனடாவில் ரெசிடென்சிக்குப் போட நீங்கள் அனேகமாக முதலில் நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) அல்லது குடியுரிமை எடுத்திருக்க வேண்டும், அமெரிக்கா மாதிரி விசாவோடு வந்து சேரும் வழி அங்கே பொதுவாக இல்லை. அப்புறம் கனடா மருத்துவ சபையான எம்.சி.சி.யின் தேர்வில் முதல் பாகம், என்.ஏ.சி. செயல்முறைத் தேர்வு, அதன் பிறகும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று ஒதுக்கிய கொஞ்ச இடங்களுக்குள்தான் போட்டி. இடம் கிடைத்தால் ஒன்ராறியோவில் படித்து முடித்ததும் அவர்கள் சொல்கிற இடத்தில் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய ஒப்பந்தமும் வைப்பார்கள். அதோடு விதி எப்போது மாறும் என்றும் சொல்ல முடியாது. 2025 ஒக்டோபரில் ஒன்ராறியோவில் குறைந்தது இரண்டு வருஷம் ஹைஸ்கூல் படித்திராத வெளிநாட்டுப் பட்டதாரிகள் ரெசிடென்சித் தெரிவின் முதல் சுற்றுக்கே போட முடியாது என்று திடீரென்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில கிழமையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சில கிழமை அங்கே பலருக்கு நித்திரை இருந்திராது. பி.ஆர். கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் அந்தக் கடதாசியை ஒரு பக்கத்தால் நகர்த்துங்கள், சாவகச்சேரி வேலையை விடாமல்.

கேள்வி: எங்கள் மகன் சீனாவில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்து மூன்று வருஷமாக இங்கேயே நிற்கிறான். நீங்கள் அமெரிக்கா போகிறவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள்.
ஒரு தகப்பன், பருத்தித்துறை

பதில்: குற்றச்சாட்டை ஏற்கிறேன் ஐயா. வெளிநாட்டில் படித்த டொக்டரை ஒரு நாடு வாசலில் நிறுத்திவைப்பது என்றால் நம் நாடும் அதைத்தான் செய்கிறது, அவர்கள் இங்கே பதிவு எடுக்க எழுத வேண்டிய தேர்வை நாம் ஈ.ஆர்.பி.எம். என்கிறோம், பழைய ஆட்கள் அக்ட் 16 என்பார்கள். உங்கள் மகனுக்கும் கொக்குவில் தங்கச்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவரை வீட்டுக்குள் பூட்டிப் படிக்க வைக்காமல், முன்பு பாஸான இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து கேஸ் பழக விடுங்கள். புத்தகத்தை ஐந்தாம் தரம் வாசித்து நோயாளியைச் சோதிக்கப் பழக முடியாது.

கேள்வி: மனைவிக்கு வருகிற ஒக்டோபர், நவம்பரில் சூம் இன்டர்வியூ வரலாம். எங்கள் வீடு கோவிலுக்குப் பக்கத்தில், மழைக்காலத்தில் கரண்டும் நிற்கும். என்ன ஆயத்தம் செய்ய?
கணவர், நல்லூர்

பதில்: தம்பி, இப்படி ஒரு கணவர் கேள்வி அனுப்பியதே பாதி ஆயத்தம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு ஒக்டோபரில் பின்னேரம் 6.30, நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு இரவு 7.30. இந்த ஒரு மணித்தியாலத்தில் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். ரவுட்டரையும் லப்டொப்பையும் தாங்குகிற ஒரு சின்ன யூ.பி.எஸ்., ஃபோனில் வேறு கம்பனி சிம்மின் டேட்டா, தகரக் கூரை இல்லாத ஒரு அறை. தகரத்தில் மழை கொட்டினால் அவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது.

கோவில் விஷயம் கொஞ்சம் சிக்கல். என்னுடைய ஒரு இன்டர்வியூ கந்தசஷ்டிக்குள் வந்தது. அப்பா முதல்நாளே போய்ச் சொன்னார், பிள்ளைக்கு அமெரிக்காவிலிருந்து ஆட்கள் பேசப்போகினம் என்று. கோவில்காரர் ஒரு மணித்தியாலத்துக்கு எங்கள் பக்கத்து ஸ்பீக்கரை மற்றப் பக்கம் திருப்பித் தந்தார்கள். ஒரு தட்டில் வெற்றிலை பாக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள், கட்டாயம் செய்வார்கள்.