வாசகர் கேள்வி: சங்கைத் திருடாத திருடர்கள்

கேள்வி: ஐயா, ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலில் சங்கு என்றால் ஒழுங்கு, பன்றித்தலை என்றால் தீமை என்று ஆறாம் படிவம் படிக்கும் என் மகள் மனப்பாடம் செய்கிறாள். அவ்வளவுதானா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அவ்வளவுதான் என்றால் வில்லியம் கோல்டிங் 1954இல் நாவல் எழுதியிருக்க வேண்டாம், அரைப்பக்கப் பட்டியலே போதும். பெரியவர்கள் யாருமில்லாத ஒரு தீவில் சிக்கிக்கொண்ட பையன்களின் கதை அது. அந்தச் சங்கு எங்கெல்லாம் வருகிறது என்று மகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. அதைக் கையில் வைத்திருப்பவன்தான் பேசலாம் என்பது பையன்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதி. தனிக்கூட்டம் சேர்த்துப் பிரிந்துபோன ஜாக்கின் ஆட்கள் இருட்டில் வந்து அடித்துப் பறிக்கும்போது, சங்குக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று பிக்கி என்ற பையன் நினைக்கிறான், ஆனால் அவர்கள் கொண்டுபோவது அவன் மூக்குக்கண்ணாடியை, ஏனென்றால் தீ மூட்ட அதுதான் வேண்டும், சங்கை ஒருத்தனும் சீண்டவில்லை. பிறகு ஜாக்கின் ஆள் ரோஜர் தள்ளிவிடும் பாறையில் அது நொறுங்குகிறது என்றாலும், என்னைக் கேட்டால் அதன் கதை அந்த இருட்டிலேயே முடிந்துவிட்டது. (பிக்கிக்குக் கிட்டப்பார்வை; அந்தக் கண்ணாடியால் வெயிலைக் குவிக்க முடியாது, கோல்டிங் அங்கே கோட்டை விட்டுவிட்டார்; சரி, போகட்டும்.)

பன்றித்தலை வேறு மாதிரி. தீவில் ஒரு மிருகம் இருக்கிறது என்று பையன்கள் பயப்படுகிறார்கள்; பன்றித்தலை அந்த மிருகத்துக்கு வைத்த படையல். தோட்டத்து முனியாண்டி கோயில் பூசையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் படையல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் மலைமேல் அவர்கள் பார்த்து நடுங்கிய மிருகம், பெரியவர்களின் போரில் செத்து விழுந்த ஒரு பாராசூட்காரனின் உடல்தான். அதைச் சொல்ல ஓடிவந்த சைமன் என்ற பையனைத்தான் மிருகம் என்று அடித்துக் கொல்கிறார்கள். தேர்வில் இதை எழுதட்டும்.