ஏடிசி வேலையில் அப்படி என்ன சுமை?

கேள்வி: என் மகள் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) தேர்வுக்குப் படிக்கிறாள். "ரேடாரைப் பார்த்துப் பேசுவதுதானே, இதில் என்ன பெரிய சுமை?" என்கிறார் அவள் அப்பா. விளக்குங்களேன்.
வாசகி, குரோம்பேட்டை

பதில்: விமானங்களை எண்ணிப் பார்த்துச் சுமையைச் சொல்லிவிட முடியாது. ஒழுங்காக வரிசையில் வரும் பத்து விமானங்களைவிட, மழைமேகத்தைச் சுற்றிப்போக ஆளுக்கொரு திசை கேட்கும் நான்கு விமானங்கள் அதிகம் வேலை வாங்கும்.

இறங்க வரும் விமானங்களுக்கு நடுவே ரேடாரில் பொதுவாக 3 கடல் மைல் இடைவெளி வேண்டும். முன்னால் போவது போயிங் 777 மாதிரி கனரக விமானம், பின்னால் ஏர்பஸ் ஏ320 மாதிரி நடுத்தர விமானம் என்றால் 5 கடல் மைல். முன்னது கிளப்பிவிட்ட சுழற்காற்று பின்னதைப் புரட்டிவிடக்கூடாது. அப்போது வேகம் சுமார் 140 நாட், அதாவது மணிக்கு 140 கடல் மைல். 5 மைல் என்பது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதற்குள் ஓடுபாதை முனையில் காத்திருப்பதைக் கிளப்பிவிடலாமா, வேண்டாமா? மீனம்பாக்கத்தில் இருக்கும் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், தனித்தனியாக இஷ்டத்துக்குப் பயன்படுத்தவும் வழியில்லை.

அடுத்தது ரேடியோ. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இருவர் சேர்ந்து பட்டனை அழுத்தினால் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். "060 திசைக்குத் திரும்பி 5,000 அடிக்கு இறங்கவும்" என்றால் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் 6,000 என்று சொல்லிவிட்டால் அங்கேயே பிடித்துத் திருத்த வேண்டும். களைத்த காதுக்குத் தான் எதிர்பார்த்த எண்தான் கேட்கும், ஆபத்தே அதில்தான்.

நம்மூருக்கென்றே ஒரு தலைவலி, கடற்காற்று. கோடையில் காலையில் மேற்கிலிருந்து அடிக்கும்போது எதிர்க்காற்றுக்காக 25 என்ற எண்ணுள்ள ஓடுபாதை முனை. மதியவாக்கில் கடற்காற்று உள்ளே வந்தால் அதே ஓடுபாதையின் மறுமுனையான 07. வரிசையில் வந்துகொண்டிருப்பவற்றைச் சுற்றிவிட வேண்டும், தரையில் உருண்டுகொண்டிருப்பவற்றை மறுகோடிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பத்து, பதினைந்து நிமிடம் பேச்சுக்கு ஓய்வே இருக்காது.

கேள்வி: இடிமழையில் விமானங்களை வானத்திலேயே சுற்ற வைப்பது ஏன்?
வாசகர், பல்லாவரம்

பதில்: ஓடுபாதை மேல் இடிமேகம் நிற்கும்போது இறங்குவது ஆபத்து. அதனால் 1,000 அடி உயர வித்தியாசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்ற வைப்பார்கள். கீழே இருப்பதை முதலில் எடுத்து, மற்றவற்றை ஒவ்வொரு படியாக இறக்குவதுதான் வழக்கம். இந்தக் கணக்கைக் கலைப்பது எரிபொருள். மேலே சுற்றும் விமானி "மினிமம் ஃபியூயல்" என்று சொன்னால் இனி தாமதம் தாங்காது என்று பொருள். "மேடே ஃபியூயல்" என்றால் வரிசையை உடைத்து அவரைத்தான் முதலில் இறக்க வேண்டும். பெங்களூருக்குத் திரும்புவதா என்பது விமானியின் முடிவு. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் அதைக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் வழியும் உயரமும் பார்த்துக் கொடுத்து, அடுத்த கட்டுப்பாட்டாளரிடம் ஒப்படைப்பது ஏடிசி வேலை.