அட்டையில் அச்சாகாத வசனங்கள்

கர்த்தருக்குள் அன்பான ஐயா, ஸ்தோத்திரம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்குவதில்லை, காலில் ஒரு புண் ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது. தம்பி திருப்பூரில். எனக்குக் குவைத்தில் வேலை வந்திருக்கிறது. இப்போது வாங்குவதைப் போல நான்கு மடங்கு சம்பளம். வருடப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் அச்சடித்துக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11. அன்றிலிருந்து அடையாளம் கேட்டு உபவாசித்து ஜெபிக்கிறேன். ஒருநாள் கண்ணை மூடி வேதத்தைத் திறந்தபோது 'எகிப்துக்குப் போகாதே' என்ற வசனத்தில் விரல் நின்றது. ஆனால் ஜெபக்குழுவில் ஒரு அக்கா, 'உனக்குப் பெரிய கதவு திறந்திருக்கிறது, இரண்டு மாதத்தில் பார்ப்பாய்' என்று தீர்க்கதரிசனம் சொன்னார். கர்த்தர் நடத்துவதை எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது? இப்போதெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். இது அவிசுவாசமா? கோபிக்க வேண்டாம், இன்னொன்றும் கேட்கிறேன். லுத்தரன் சபையில் வளர்ந்த நீங்கள் வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனதாக எழுதியிருந்தீர்கள். போகலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். என் மனைவி வில்லியனூர்க் கத்தோலிக்கப் பங்கில் பிறந்தவள். திருவிழாவுக்கு அவளோடு போனேன். அடுத்த வருடமும் போவேன். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். நைட் டூட்டி முடித்து, ரெட்டிச்சாவடி வழியாக நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, அம்மாவின் காலுக்குக் கட்டு மாற்றி, சமைத்துவிட்டு உட்காருகிற பெண் தூங்காமல் வேறு என்ன செய்வாள்? தீர்க்கதரிசி எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிய அதே மனுஷன் அடுத்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கர்த்தர் அவனைக் கண்டித்தாரா? உபவாசம் இருக்கச் சொன்னாரா? தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, தூதனை அனுப்பி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பவும் படுத்துக்கொண்டான். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடு. ஓரேப் மலையில் கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசியதும், அடுத்த வேலையைக் கொடுத்ததும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பெலன் என்று நாம் ஜெபத்தில் கேட்பது பல நாட்களில் இப்படித்தான் வருகிறது. ஒரு வேளைச் சோறாக, ஆறு மணி நேரத் தூக்கமாக. அதனால் உபவாசத்தை நிறுத்துங்கள். இதைக் கோபமாகவே சொல்கிறேன். நோயாளிக்கு மருந்தின் அளவைப் பார்த்துக் கொடுக்கிற கை உங்களுடையது. பட்டினியில் அந்தக் கை நடுங்கக் கூடாது.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அம்மாவின் சர்க்கரை அளவு இருக்கிறது, புண்ணின் கதை இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. அவரிடம் கேட்டீர்களா? அட்டையிடம் கேட்டிருக்கிறீர்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்திடம் கேட்டிருக்கிறீர்கள், ஜெபக்குழு அக்காவிடம் கேட்டிருக்கிறீர்கள், முகம் தெரியாத என்னிடமும் கேட்கிறீர்கள். ஒரே கூரையின் கீழே படுத்திருக்கிற தாயிடம் கேட்கவில்லை. கர்த்தர் பேச வேண்டும் என்று மூன்று மாதமாகக் காத்திருக்கிறவர், அவர் பேசுவதற்கு எல்லாரையும்விடப் பக்கத்தில் இருக்கிற வாயை ஏன் மூடிவைத்திருக்கிறீர்கள்?

அந்த எகிப்து வசனம் ஆதியாகமம் 26-இல் இருக்கிறது. பஞ்ச காலத்தில் ஈசாக்குக்குச் சொன்னது. அங்கிருந்து இருபது அதிகாரம் தள்ளிப் போங்கள். 46-ஆம் அதிகாரத்தில் அதே ஈசாக்கின் மகன் யாக்கோபிடம், எகிப்துக்குப் போகப் பயப்படாதே என்று கர்த்தரே சொல்கிறார். அப்பனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. உங்கள் விரல் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் இந்நேரம் பெட்டி கட்டியிருப்பீர்கள். ஈசாக்கும் யாக்கோபும் விரல் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை. அவர்கள் கர்த்தரோடு நெடுங்காலம் நடந்தவர்கள், அவர் குரல் அவர்களுக்குப் பழகியிருந்தது.

உங்கள் கடிதம் வந்தபோது லெந்து என்கிற தவக்கால நாட்களுக்காக எரேமியாவைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமான பதில். 29:11 நம் சபைகளில் அதிகம் அச்சாகிற வசனங்களில் ஒன்று. காலண்டரில், மேசை விரிப்பில், கல்யாணப் பத்திரிகையில், கார்க் கண்ணாடியில் எல்லாம் பார்க்கலாம். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே. அருமையான வசனம், நானும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து பிய்த்து எடுத்த ஒரு வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. கி.மு. 597-இல் போனவர்கள் அவர்கள். ஊரையும் கோயிலையும் விட்டு, அந்நிய மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வியும் உங்களுடையதுதான். எப்போது? எந்த வழியாக? என்ன அடையாளம்?

கடிதம் என்ன சொல்கிறது என்று ஐந்தாம் வசனத்திலிருந்து படியுங்கள். வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் வையுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், பெருகுங்கள், குறைந்துபோகாதீர்கள். ஏழாம் வசனம் எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கிறது. உங்களைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. எட்டில், உங்கள் நடுவே இருக்கிற தீர்க்கதரிசிகளும் குறிகாரரும் உங்களை மோசம்போக்கவிடாதீர்கள் என்கிறது. பத்தில், எழுபது வருஷம். இவ்வளவும் சொன்ன பிறகுதான் உங்கள் அட்டையில் இருக்கிற பதினோராம் வசனம் வருகிறது.

எழுபது வருஷம் என்றால் என்ன? அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் திரும்பி வரப்போவதில்லை. அவர்களிடம்தான் கர்த்தர் சமாதானத்துக்கேதுவான நினைவு என்கிறார். நம்மில் எத்தனை பேர் இந்த அர்த்தத்தோடு அந்த அட்டையை வாங்குகிறோம்? இந்த வருடத்துக்குள், இந்த விசாவுக்குள், இந்தப் பரீட்சைக்குள் என்று நாமே ஒரு தேதியைச் சேர்த்துக்கொள்கிறோம். அப்படித் தேதி சொன்ன ஒருவர் அதற்கு முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறார், அனனியா. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வரும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொன்னவர். ஜனங்களுக்கு இனிப்பாக இருந்தது. அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. உங்கள் ஜெபக்குழு அக்காவின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை, அந்த இரண்டு மாதத்தில் இருக்கிறது.

தானே புயலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. உங்களுக்கும் நினைவிருக்கும். காடாம்புலியூர் பக்கம் என் சித்தப்பாவுக்கு முந்திரியும் பலாவும் இருந்தது. காற்று நின்ற பிறகு போய்ப் பார்த்தால், செம்மண் காட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கிற மரம் இல்லை. முந்திரி முறிந்து கிடந்தது. அவருடைய அப்பா காலத்துப் பலா மரங்கள் வேரோடு பிடுங்கி, வேர் மேலே பார்க்கக் கிடந்தன. மறுநாள் ராத்திரி வருடப் பிறப்பு ஆராதனை. கோயில் கூரையில் பாதி ஓடு இல்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆராதனை நடந்து, முன்பே அச்சடித்து வைத்திருந்த அட்டைகளை வழக்கம்போலத் தட்டில் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவுக்கு வந்தது நீதிமொழிகள் 3:10. உன் களஞ்சியங்கள் பூரணமாய் நிரம்பும். பக்கத்தில் நின்ற நான் அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விடிந்ததும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்.

அந்த மாதங்களில் மர வியாபாரிகள் பலா மரத்துக்குக் கொடுத்த விலை அழுகிற விலை. ஊரெல்லாம் விழுந்து கிடக்கும்போது யார் விலை கொடுப்பார்கள்? வந்ததை வாங்கிக்கொண்டு விற்றார். அப்புறம் முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி வைத்தார். பலாவுக்கு வீட்டில் இருந்த கொட்டையையே ஊன்றினார். கொட்டையிலிருந்து வருகிற பலா காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். அவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. இந்த வயதில் எதற்கு, விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "வேர் பிடுங்கின பள்ளம் அப்படியே கெடக்கு. அதுல ஒண்ணை வெக்காம எப்படிப் பாத்துக்கிட்டிருக்கிறது?" என்றார். அவ்வளவுதான். வாக்குத்தத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கன்றுகளில் பாதி அடுத்த கோடையில் கருகின. மீதி காய்த்து, இப்போதும் சீசனுக்குச் சீசன் பண்ருட்டி மண்டியில் விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

எரேமியா 29:5-ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். கர்த்தர் தன்னை எங்கே நடத்துகிறார் என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவருக்கு முன்னால் ஒரு பள்ளம் கிடந்தது, அதில் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்தப் பதினைந்தடி நிலத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாமலே அவர் கர்த்தரை நம்பினார். நம்பிக்கை என்று நான் சொல்லுவது இதைத்தான் அம்மா. முழு வரைபடமும் கையில் வந்த பிறகு நடக்கிறதற்கு விசுவாசம் எதற்கு?

கதவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திறந்தால் சித்தம், அடைத்தால் சித்தமில்லை என்று நம் சபைகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கதையையே பாருங்கள். 1740-இல் கடலூருக்கு வந்த மிஷனெரி கியர்னாண்டர் பதினெட்டு வருடம் இங்கே ஊழியம் செய்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தது, அவருடைய வேலை அத்தோடு முடிந்தது. கல்கத்தாவுக்குப் போனார். அங்கே அவர் கட்டிய ஆலயம் 1770-இல் பிரதிஷ்டையானது. இதோடு நிறுத்தினால் அழகான பிரசங்கம், அடைத்த கதவுக்குப் பின்னால் பெரிய கதவு. ஆனால் முதுமையில் கடன் அவரை அழுத்தி, அந்த ஆலயமே அவர் கையை விட்டுப் போனது. எந்தக் கதவை வைத்து அவரைக் கர்த்தர் நடத்தினாரா இல்லையா என்று தீர்மானிப்பீர்கள்? கடலூரில் பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும், வியாதிக்காரரைப் பார்த்ததும், போர் வருகிற செய்திக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்ததும் கதவுக் கணக்கில் வருவதே இல்லை.

குவைத்துக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம், போகாமலும் இருக்கலாம். இரண்டிலும் பாவம் இல்லை. இரண்டிலும் கர்த்தர் இருக்கிறார். ஆனால் பக்கம் பக்கமாக அடையாளங்களை எழுதிய உங்கள் கடிதத்தில், வேலை வாங்கித் தருகிற ஏஜெண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. இது எனக்கு அச்சமாக இருக்கிறது. குவைத் போன்ற நாடுகளுக்கு நர்ஸ் எடுக்க எல்லா ஏஜெண்டுக்கும் அனுமதி கிடையாது. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும் தாண்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸுகளை அனுப்புகிறது, சென்னையில் விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் டூட்டி நேரம், தங்குமிடம், விடுப்பில் ஊருக்கு வர டிக்கெட் எல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இப்படி விசாரிப்பது சுயபுத்தியின்மேல் சாய்வதாகாது. அந்தப் புத்தியைக் கொடுத்தவரும் அவர்தான், அவரை முன்னால் வைத்துக்கொண்டே விசாரியுங்கள்.

நீங்கள் போனால் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது யார் என்பதையும் இப்போதே பேச வேண்டும். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து வரட்டும். ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மூன்று பேரும் உட்காருங்கள். அம்மாவை முதலில் பேசவிடுங்கள், குறுக்கிடாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.