பழைய டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருந்த மனையில் வீடு கட்டலாமா? ஒரு போர் (மண் சோதனைத் துளை) போட்டு மண் பார்த்தாகிவிட்டது, அது போதுமா?

போதாது. வயலாகக் கிடந்த நிலம் என்றால் ஒரு போர் ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும். தொழிற்சாலை ஓடிய இடத்தில் பத்தடி தள்ளிப் போனால் மண்ணே வேறாக இருக்கும்.

வாணியம்பாடிப் பக்கம் என் சித்தப்பா வாங்கிய மனையும் பழைய டேனரிதான். கிழக்கே போட்ட போரில் ஆறடி ஆழத்திலேயே சுக்கான் பாறை வந்துவிட்டது. மேஸ்திரி அன்றைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். இரண்டாவது போரைத் தென்மேற்கு மூலையில் போட்டோம். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, எத்தனை முறை விழுந்தால் குழாய் 30 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. அங்கே சுத்தியலைத் தூக்கவே தேவைப்படவில்லை. அதன் கனத்துக்கே குழாய் இறங்கிக்கொண்டு போனது. வெளியே எடுத்துப் பிளந்து பார்த்தால் வெண்ணெய் போலச் சுண்ணாம்புச் சேறு, அதில் கொத்துக் கொத்தாக ஆட்டு மயிர். தோலில் மயிர் கழற்ற ஊறப்போடும் தொட்டியை அப்படியே மண் தள்ளி மூடி, மனையாக்கி விற்றிருக்கிறார்கள்.

வீடு முழுவதும் ஒரே அளவாக ஓர் அங்குலம் அமர்ந்தால்கூடச் சமாளிக்கலாம். பாதி பாறையிலும் பாதி சேற்றிலும் நின்றால் ஒரு மூலை மட்டும் இறங்கும். சுவர் சாய்வாக வாய் பிளக்கும்.

அந்த மூலையைக் காட்டியது நான் அல்ல. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர், அதே டேனரியில் வேலை பார்த்தவர். "தொட்டியெல்லாம் அந்தப் பக்கம்தான் தம்பி" என்றார். முதலில் அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடியுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் தள்ளிப் பாருங்கள், கூரையும் தொட்டியும் இருந்த இடம் தெரியலாம். போர் எங்கே போடுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். கூடவே ஜேசிபி வைத்து நான்கைந்து குழிகளும் தோண்டிப் பாருங்கள். வில்லங்கச் சான்றில் இந்த வில்லங்கம் வராது.

சுத்தியல் மண்ணின் பலத்தைத்தான் சொல்லும், மண்ணில் கலந்திருப்பதைச் சொல்லாது. டேனரிக்குத் தோல் உப்பிட்டுத்தான் வரும். பல ஆண்டுகள் உப்பு இறங்கிய மண் கம்பியை அரிக்கும். சல்பேட் காங்கிரீட்டையே தின்னும். ஆகவே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குளோரைடு, சல்பேட் இரண்டையும் ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சல்பேட் என்றதும் கடைக்காரர் சல்பேட் தாங்கும் சிமெண்டை நீட்டுவார். உப்பும் சேர்ந்திருந்தால் அது சரிப்படாது. அப்போது பாதிக்கு மேல் ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமெண்டைப் பயன்படுத்தலாம் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது.

அங்கே தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையிலா, குரோமிலா (குரோமிய உப்பிலா) என்றும் விசாரியுங்கள். குரோம் என்றால் கிணற்று நீரைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். அது நிலத்தடி நீரில் இறங்கிய கதை ஊரறிந்தது. குரோமியச் சேறு கிடைத்தால் ஏரிக்கரையில் கொட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது அபாயகரக் கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழியாகத்தான் அகற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டால் மனையின் விலையே மலிவாகத் தோன்றும்.

சித்தப்பாவுடையது பட்டை டேனரி. ஆய்வில் குரோமியம் வரவில்லை. அந்த மூலையில் பைல் (ஆழமான அஸ்திவாரத் தூண்) இறக்கலாம் என்றார் பொறியாளர். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டையே கிழக்கே நகர்த்திவிட்டோம். ஓர் அறை குறைந்தது, சித்திக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. தென்மேற்கு மூலையில் இப்போது கார் நிற்கிறது. அதன் அடியில் பதித்த தரைக்கல் இதுவரை இரண்டு முறை உள்வாங்கிவிட்டது.