பர்டிக்கின் அட்டைகள் – கடிதம்

வணக்கம்,

ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் பழைய சிகரெட் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனதாகப் படித்தேன். உள்ளங்கையில் அடங்குகிற காகிதம்! பணம் கொழுத்தவர்கள் கிளப்பிவிட்ட பைத்தியம் என்றுதான் எனக்குப் படுகிறது. இதற்கெல்லாம் ஒரு வரலாறு உண்டா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்த விலையைக் கேட்டால் எனக்கும் மனம் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் பணக்காரர்கள் கிளப்பிவிட்டது என்கிறீர்களே, அது சரியில்லை. அட்டை சேகரிப்புக்கு ஒழுங்கும் பெயரும் கொடுத்தவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி.

அன்றைய சிகரெட் பெட்டி வெறும் காகித உறைதான். சட்டைப் பையில் வைத்தால் உள்ளிருப்பது நசுங்கிவிடும். அதற்காக ஒரு தடித்த அட்டையைச் செருகினார்கள். செருகுகிற அட்டை ஏன் வெறுமையாக இருக்க வேண்டும் என்று அதில் நடிகைகள், பறவைகள், கொடிகள், ஆட்டக்காரர்கள் என்று படம் போட்டார்கள். நியூயார்க்கின் குட்வின் கம்பெனி 1886 முதல் ஓல்டு ஜட்ஜ் சிகரெட்டோடு பேஸ்பால் ஆட்டக்காரர்களின் புகைப்படங்களைக் கொடுத்தது. நீங்கள் சொல்லும் வாக்னர் அட்டை, 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட 500க்கும் மேற்பட்ட வண்ண அட்டைகளில் ஒன்று. அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. ஆரஞ்சுப் பின்னணி, நடுவகிடு எடுத்த தலை, கீழே ‘வாக்னர், பிட்ஸ்பர்க்’ என்ற எழுத்து. பின்பக்கம் சிகரெட் விளம்பரம். அவருடைய அட்டை மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார்கள். பணம் தராததுதான் காரணம் என்பாரும் உண்டு. எப்படியோ, இன்று மிஞ்சியிருப்பவை சில டஜன்தான்.

இனி அந்தத் தொழிலாளி. ஜெஃபர்சன் பர்டிக் 1900இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில், மின்கருவி செய்யும் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிக்கொண்டே வந்தது. குப்பைக்குப் போகிற அட்டைகளை அந்தக் கைகளால்தான் சேர்த்தார். 1937இல் சேகரிப்பாளர்களுக்காகச் சிறு பத்திரிகை தொடங்கினார். 1939இல் ஒரு விலைப்பட்டியலை வெளியிட்டார். பின்னால் அது ‘அமெரிக்கன் கார்டு கேட்டலாக்’ என்று பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை என்றால் ‘என்’, இருபதாம் நூற்றாண்டு என்றால் ‘டி’, பழைய மிட்டாய் அட்டைகளுக்கு ‘இ’. எழுத்தை அடுத்து ஒரு எண். வாக்னர் இருக்கும் வரிசையை உலகம் இன்றும் டி206 என்கிறதே, அது பர்டிக் வைத்த பெயர். என்னைக் கேட்டால் அவர் செய்த பெரிய காரியம் இதுதான். பெயர் வந்த பிறகுதான் எங்கோ ஓர் ஊரில் இருப்பவர் இன்னோர் ஊர்க்காரருக்கு, என்னிடம் இது இருக்கிறது, அது இல்லை என்று கடிதம் எழுத முடிந்தது.

1947இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குத் தன் சேகரிப்பைக் கொடுக்கத் தொடங்கினார். அச்சோவியப் பிரிவின் பொறுப்பாளர் ஹயாட் மேயர் அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். பிறகு நியூயார்க்குக்கே குடிவந்து, வலியோடு உட்கார்ந்து, வாழ்த்து அட்டை, விளம்பரச் சீட்டு, தபால் அட்டை என்று 3 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிரித்து ஆல்பங்களில் ஒட்டினார். பேஸ்பால் அட்டைகள் அதில் ஏறக்குறைய 30,000 மட்டுமே. ஆம், பசை தடவி ஒட்டினார். இன்றைய ஏலக்காரர்கள் பிளாஸ்டிக் உறையில் அடைத்து, முனை மழுங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். பசை பட்டால் விலை விழுந்துவிடும். பர்டிக்குக்கு அவை விற்பதற்கு அல்ல, புரட்டிப் பார்ப்பதற்கு. அந்த ஒட்டுதலை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்கு அன்பு கூடுகிறது.

1963 ஜனவரி 10 அன்று கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். கோட்டை மாட்டிக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச்சில் இறந்தார்.

பெரும்பாலான அட்டைகளுக்குச் சில சென்ட்டுகளே குறித்தவர், வாக்னருக்கு மட்டும் தன் பட்டியலில் 50 டாலர் போட்டிருந்தார். அப்போது அதுவே பெரிய தொகை. அவரிடமும் ஒரு வாக்னர் இருந்தது. அதையும் மற்றவற்றோடு சேர்த்து மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.