அடிபட்டவர், ஏமாந்தவர், பிரிந்தவர்: கத்தோலிக்கத் திருமணம் பற்றிக் கேள்வி பதில்

வேலூர் மறைமாவட்டத்துக் குடும்பங்கள் திருச்சபை நீதிமன்றத்துக்கு (ஒரு திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லுமா என்று விசாரிக்கும் இடம்) மனு எழுதும்போது கூட உட்கார்ந்து உதவுகிறேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. குருவும் இல்லை, வக்கீலும் இல்லை. வந்த கேள்விகளில் ஊரை மட்டும் விட்டுவைத்து, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

ஆம்பூர்: டீச்சர், நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் தினமும் குடித்துவிட்டு அடிக்கிறார். இப்போது பெரிய பெண் மேலும் கை வைக்கிறார். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் அன்பியத்தில் (எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுவில்), "கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக்கூடாது, உன் சிலுவையை நீதான் சுமக்கணும்" என்கிறார்கள். போனால் பாவமா?

பாவம் இல்லை அம்மா. முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். மீதியை அங்கே போய்ப் படித்தால் போதும்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153-ஆம் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. கணவனோ மனைவியோ மற்றவரின் உடலுக்கோ மனதுக்கோ, இல்லை பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்தை உண்டாக்கினால், பாதிக்கப்பட்டவர் பிரிந்து போகலாம். அதற்கு ஆயரின் (பிஷப்பின்) ஆணை வேண்டும், ஆனால் தாமதித்தால் ஆபத்து என்னும்போது சொந்த முடிவிலேயே போகலாம். 2016-இல் போப் பிரான்சிஸ் குடும்பம் பற்றி எழுதிய மடலில் இன்னும் ஒரு படி மேலே போய், சில நேரங்களில் பிரிந்து போவது அறநெறிப்படியே அவசியமாகிவிடும் என்கிறார்.

அன்பியத்தில் சொல்கிற அந்த வசனம் மத்தேயு 19-இல் வருகிறது. எந்தக் காரணத்துக்காகவும் மனைவியை விலக்கிவிடலாமா என்று ஆண்கள் கேட்டபோது இயேசு சொன்ன பதில் அது. பெண்ணைத் தெருவில் விடாதே என்று ஆண்களுக்குச் சொன்னதை எடுத்து, அடிவாங்குகிற பெண்ணை வீட்டில் பூட்டி வைக்கிறார்களே, எனக்கு அது பொறுக்கவே மாட்டேன் என்கிறது.

181 பெண்கள் உதவி எண். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை, ஜீவனாம்சம், வீட்டில் குடியிருக்கும் உரிமை எல்லாம் கேட்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். பிரிந்திருக்கும்போது பூசைக்குப் போங்கள், நற்கருணை வாங்குங்கள். யாரும் தடுக்க முடியாது.

காட்பாடி: என் மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு இருந்தது இரண்டு மாதத்துக்கு முன் தெரிந்தது. அழுது மன்னிப்புக் கேட்கிறாள். என் அண்ணன், "துரோகம் நிரூபணமானால் திருச்சபையே கல்யாணத்தை ரத்து செய்துவிடும், மனு போடு" என்கிறார். அப்படியா?

இல்லை தம்பி. திருச்சபை எந்தக் கல்யாணத்தையும் 'ரத்து' செய்வதில்லை. சம்மதம் கொடுத்த நாளிலேயே அது செல்லுபடியாகும் திருமணமாக அமைந்ததா என்று மட்டும்தான் நீதிமன்றம் பார்க்கும். பத்து வருடம் கழித்து நடந்த துரோகம் எவ்வளவு கொடியதானாலும், அந்த நாளின் சம்மதத்தை அது பின்னோக்கிப் போய் அழிக்காது. கல்யாணத்தன்றே அந்தத் தொடர்பு இருந்து, அதை விடும் எண்ணமே இல்லாமல் பீடத்தின் முன் நின்றார் என்றால் அது வேறு வழக்கு. உண்மையாய் வாழ்வதையே மனதுக்குள் மறுத்துவிட்டுச் சொன்ன சம்மதம் சம்மதம் ஆகாது.

உங்கள் நிலைமைக்கு 1152-ஆம் சட்டம். மன்னித்து ஏற்றுக்கொள்ளும்படி திருச்சபை மனதார வேண்டுகிறது, கட்டாயப்படுத்தவில்லை. மன்னிக்கவில்லை என்றால் பிரிந்து வாழும் உரிமை உண்டு. ஆனால் தெரிந்த பிறகும் ஆறு மாதம் கணவன் மனைவியாகவே வாழ்ந்து, ஆயரிடமோ அரசு நீதிமன்றத்திலோ முறையிடாமல் இருந்தால், மன்னித்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். துரோகம் செய்தது ஆணா பெண்ணா என்று இந்தச் சட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை. நம் நாட்டுக் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்தில் 2001 வரை அந்தச் சமத்துவம்கூட இல்லை. கணவனுக்கு மனைவியின் துரோகம் மட்டும் போதும், மனைவி பெரும்பாலும் துரோகத்தோடு கொடுமையோ கைவிடலோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

அண்ணன் பேச்சை ஒரு பக்கம் வையுங்கள். இரண்டு மாதம் மிகக் குறைவு. அழுகிறவரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், நம்பிக்கையான ஒரு குருவையோ ஆலோசகரையோ வைத்துக்கொண்டு.

குடியாத்தம்: அக்கா, எனக்குப் பத்தொன்பது வயதில் தாய்மாமாவையே கட்டி வைத்தார்கள். நான் மாட்டேன் என்றபோது அம்மா பூச்சிமருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓலை எழுதும்போது (கல்யாணத்துக்கு முன் கோயிலில் விசாரித்துப் பதியும்போது) பங்குச்சாமியார் கேட்டதற்குச் 'சம்மதம்' என்றுதான் சொன்னேன். நாலே மாதத்தில் வந்துவிட்டேன். நான் வாயால் சம்மதம் சொன்னதால் ஒன்றும் செய்ய முடியாதா?

செய்ய முடியும் தங்கச்சி. உங்கள் வழக்கில் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது உறவுமுறை. நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது வழக்கமாக இருந்தாலும், திருச்சபைக்கு அது தடை. மாமன் மகள், அத்தை மகன் வரைக்கும் தடைதான். ஆயர் விதிவிலக்கு கொடுத்தால் மட்டுமே செல்லும். கல்யாணம் நடந்த பங்குக் கோயிலில் அந்த விதிவிலக்குக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த ஒரு காரணமே போதும். ஆவணங்களை வைத்தே சுருக்கமாக முடித்துவிடலாம்.

கடிதம் இருந்தால் இரண்டாவது விஷயம், பயம். 1103-ஆம் சட்டப்படி, வெளியிலிருந்து வந்த பலவந்தத்தாலோ பெரும் அச்சத்தாலோ, அதிலிருந்து தப்பிக்கத் திருமணத்தைத் தவிர வேறு வழியில்லாமல் சொன்ன சம்மதம் செல்லாது. அம்மா அப்பா வருத்தப்படுவார்களே என்ற சாதாரணத் தயக்கம் இதில் சேராது. மருந்து பாட்டில் சாதாரணத் தயக்கம் இல்லை.

என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். அந்தச் சமயத்தில் உங்களோடு இருந்து பார்த்தவர்கள்தான் சாட்சி: தோழி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர். அப்போது அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். கல்யாணம் நடந்த மறைமாவட்டத்திலோ, உங்கள் இருவரில் ஒருவர் குடியிருக்கும் மறைமாவட்டத்திலோ மனு கொடுக்கலாம். மாமாவுக்கும் நோட்டீஸ் போகும். வராவிட்டாலும் வழக்கு நடக்கும். திருமணப் பிணைப்புக்காக வாதாட ஒருவரை நீதிமன்றமே நியமிக்கும். அவர் குறுக்குக் கேள்வி கேட்டால் எதிரி என்று நினைக்காதீர்கள், அவர் வேலை அது.

முன்பு இரண்டு திருச்சபை நீதிமன்றங்கள் அடுத்தடுத்து விசாரித்து ஒரே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 2015 டிசம்பர் 8 முதல் ஒரு தீர்ப்பே போதும், மேல்முறையீடு வராவிட்டால். முதல் கட்டத்தை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கவும் செய்யும். வசதி இல்லை என்றால் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ராணிப்பேட்டை: மாப்பிள்ளை பல வருடமாக மனநோய்க்கு மருந்து சாப்பிடுவதை மறைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் என் மகளுக்குத் தெரிந்தது.

சம்மதம் வாங்குவதற்காகவே, இல்லற வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்கும் ஒன்றை மறைத்திருந்தால் அது வஞ்சகம், 1098-ஆம் சட்டம். நோய் அவருடைய சம்மதிக்கும் திறனையே பாதித்திருந்தால் 1095. இரண்டுக்கும் மருத்துவச் சீட்டும் நிபுணர் கருத்தும் முக்கியம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நோய் குற்றம் இல்லை, மறைத்ததுதான் குற்றம். அந்தப் பையனை ஊரில் தூற்றாதீர்கள்.

ஆரணி: திருச்சபையில் 'செல்லாது' என்று வந்துவிட்டால் பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களா?

இல்லை. 1137-ஆம் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்களே.

சத்துவாச்சாரி: குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கிடைத்துவிட்டது. இனி கோயிலில் மறுமணம் செய்யலாமா? இல்லை, ஆயர் இல்லத்துத் தீர்ப்பு மட்டும் போதுமா?

இரண்டும் வேண்டும். அரசு விவாகரத்து திருச்சபைப் பிணைப்பை அவிழ்க்காது. திருச்சபைத் தீர்ப்பு அரசின் கண்ணில் விவாகரத்து ஆகாது. 1996-இலும் 2017-இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. திருச்சபைத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கில் மாட்டலாம். ஜீவனாம்சத்துக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் அரசு நீதிமன்றம் போவதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஏற்றுக்கொள்கிறது.

வேலூர்: நான் கட்டப்போகும் பெண் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்லாத சபை). ஏற்கெனவே அவர்கள் சபையில் கல்யாணமாகி விவாகரத்து ஆனவர். அது கத்தோலிக்கக் கல்யாணம் இல்லையே, பிரச்சினை வராது அல்லவா?

வரும். நம்மூரில் இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள், மண்டபமே பிடித்த பிறகு. திருமுழுக்குப் பெற்ற இரண்டு சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்களின் திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லுபடியாகும் திருமணமாகவே மதிக்கிறது. அதனால் அந்த முதல் கல்யாணத்தையும் நம் திருச்சபை நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். தேதி குறிக்கும் முன் பங்குத்தந்தையைப் பாருங்கள்.

போளூர்: பிரிந்து தனியாக வாழ்கிறேன், வேறு யாரோடும் இல்லை. தங்கச்சி குழந்தையின் திருமுழுக்கில் ஞானத்தாயாக நிற்கக்கூடாது என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள்.

தாராளமாக நிற்கலாம். பதினாறு வயது முடிந்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று, விசுவாசத்தோடு வாழ்பவராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிரிந்திருப்பது தடை இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் நீங்களே நேரில் பேசிவிடுங்கள், உறுதிப்பூசுதல் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போங்கள்.