கொரோனா காலத்தில் ஆன்லைனில் எம்.பி.பி.எஸ். படித்தது போதுமானதாக இருந்ததா?

பரீட்சைக்குப் போதும், கைக்குப் போதாது. நான் 2019 பேட்ச், தமிழ்நாட்டில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி. 2020 மார்ச்சில் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னபோது கை, கால், வயிறு வரை, இறந்த உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் முடிந்திருந்தது. தலை, கழுத்து, மூளை பாக்கி. உடற்கூறியலான அனாட்டமியில் ஆகக் கடினமான அந்தப் பகுதியை ஃபோனில்தான் படித்தோம்.

எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். கரு வளர்ச்சியைப் படிக்கும் எம்பிரியாலஜியில் நேரான இதயக் குழாய் வளைந்து நான்கு அறைகளாவது, போர்டில் எத்தனை முறை வரைந்தாலும் பிடிபடாது; அனிமேஷனில் பார்த்ததும் புரிந்தது.

ஆனால் டிசெக்‌ஷன் வேறு. அனாட்டமி படப் புத்தகமான அட்லஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். ஃபார்மலினில் ஊறிய உடலில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வெளிறிய பழுப்பு. விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். தமனியின் சுவர் தடிப்பாக இருக்கும், சிரை சப்பையாக அமுங்கும், நரம்பு உள்ளே ஓட்டையில்லாத கயிறு மாதிரி. காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள், முகத்தை அசைக்கும் ஃபேஷியல் நரம்பு ஐந்து கிளையாகப் பிரிவதை எங்கள் பேட்சில் எல்லோரும் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கடகடவென்று ஒப்பிப்போம். சுரப்பியைத் துணுக்குத் துணுக்காக அகற்றி, அந்தக் கிளைகளை அறுபடாமல் வெளியே எடுத்தவர் முதலாண்டில் ஒருவர்கூட இல்லை.

மண்டையோடும் அப்படித்தான். அடியிலுள்ள துளைகளில் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தால்தான் எது எங்கே திறக்கிறது என்று மனதில் நிற்கும். படிக்க வைத்திருந்த எலும்பு செட்டோ ஹாஸ்டல் அறையில் பூட்டிக் கிடந்தது.

என் டேபிளில் இருந்த தோழிக்கு மலைக்கிராமம். சிக்னலுக்காக மேட்டில் ஏறி உட்கார்ந்து வகுப்பு கேட்பாள். ஒன்றரை ஜிபி டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும் என்று வீடியோவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்பாள். படம் பார்க்காமல் அனாட்டமி கேட்டு என்ன செய்வது? அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

எங்களுக்கு அடுத்த பேட்ச் இன்னும் பாவம். 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் முதன்முதலாக வந்தது அந்த பேட்சில்தான். அதில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு, புரியாததைப் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்ள ஆள் வேண்டிய நேரம் அது. 2021 பிப்ரவரியில் வகுப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே இரண்டாம் அலை.

எங்களுக்கு 2020 டிசம்பரில் கல்லூரி திறந்ததும் பரீட்சை அவசரம். ஏற்கனவே அறுத்து வைத்திருந்த ஸ்பெசிமன்களைச் சுற்றி நின்று பார்த்ததோடு சரி. இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு நாலைந்து பேர் அனாட்டமி துறைக்குப் போய்க் கேட்டோம். ஒரு மேடம், ஜூனியர்கள் கிளம்பிய பிறகு மாலையில் கூடவே நின்று, முகத்தின் ஒரு பக்கத்தை எங்கள் கையாலேயே டிசெக்ட் செய்யவைத்தார். கேட்டவர்களுக்கு மட்டும் கிடைத்தது அது. விட்டுப்போன டிசெக்‌ஷன் நேரத்தைக் கால அட்டவணையிலேயே போட்டு, எல்லோருக்கும் திருப்பித் தந்திருக்க வேண்டும்.